வேறு சமயத்தில் பிறந்தவர் சிவபக்தியை எங்கிருந்து தொடங்குவது?

சிவனை வழிபட ஆசையாக இருக்கிறது, ஆனால் வேறு சமயக் குடும்பத்தில் பிறந்தேன், முதலில் மதம் மாற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைக்கே வழிபடத் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சாக்கிய நாயனார் நினைவுதான் வந்தது. நாயன்மார்கள் எனப்படும் 63 சிவனடியார்களில் ஒருவர். மெய்ப்பொருளைத் தேடிக் காஞ்சிபுரம் போய்ப் பௌத்தரானவர். பிறகு சிவனே பரம்பொருள் என்று தெளிந்தார், ஆனாலும் பௌத்தக் கோலத்தைக் கலைக்கவில்லை. வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டவர், பரவசத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் கீழே கிடந்த கல்லை எடுத்து அதன்மேல் எறிந்தார். அந்த எண்ணத்தைத் தந்ததும் சிவனே என்று மறுநாள் தோன்ற, தினமும் ஒரு கல் எறிவதையே பூசையாக்கிக்கொண்டார். ஒருநாள் சாப்பிடப் போகும்போது, இன்று இன்னும் எறியவில்லையே என்று நினைவு வந்தது. பசியோடு எழுந்து ஓடினார். அன்றுதான் சிவபெருமான் காட்சி கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். கல்லையே பூவாக ஏற்றுக்கொண்ட சாமி, நீங்கள் எந்த வீட்டில் பிறந்தீர்கள் என்று பார்க்கப்போவதில்லை.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாள் தவறாமைதான். காலையில் குளித்துவிட்டு ஒரு விளக்கு ஏற்றுங்கள். திருநீற்றை நடு மூன்று விரல்களால் எடுத்து, சற்றே அண்ணாந்து, கீழே சிந்தாமல் நெற்றியில் பூசுங்கள். கொஞ்ச நேரம் 'நமசிவாய' சொல்லுங்கள். இதற்குத் தீட்சை, அதாவது குருவிடம் முறைப்படி உபதேசம், வாங்கியிருக்க வேண்டுமா என்று சிலர் வாதம் செய்வார்கள். ஆர்வத்தோடு சொல்பவரைத் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படிப்பதற்குத் திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணம் போதும். 95 அடிகள்தான். பொருள் தெரிந்துகொண்டு, வாய்விட்டுப் படியுங்கள். சைவ சித்தாந்தத் தத்துவ நூல்களை இப்போதே தொட்டால் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்ற சொற்களிலேயே நின்றுவிடுவீர்கள்.

கோயிலுக்குப் போவதென்றால் பிரதோஷத்தன்று, அதாவது வளர்பிறையிலும் தேய்பிறையிலும் வரும் திரயோதசி நாளில், மாலை போங்கள். நந்திக்கு அபிஷேகம் நடக்கும், கூட்டத்தோடு கூட்டமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துப் பழகலாம். ஒன்று மட்டும் கவனம்: கையில் தரும் திருநீற்றைப் பூசியது போக மீதியைத் தூணில் கொட்டிவிட்டு வருகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மறுநாள் பூசிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்று பலகை இருக்கும். உண்மையான அன்போடு வருபவர் அங்கே தயங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வலிக்கும். அப்படி நேர்ந்தால் சண்டை வேண்டாம், கொடிமரத்தடியிலேயே விழுந்து கும்பிடுங்கள்.

முறைப்படி சைவராகும் வழியும் உண்டு. சமய தீட்சை, விசேட தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிகள் இருக்கின்றன. முதலாவது சமய தீட்சை. அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனிய சுவாமி 1949-ல் யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றவர். பின்னாளில் ஹவாயின் கவாய் தீவில் ஒரு சைவ ஆதீனத்தையே (மடத்தையே) நிறுவினார். ஆக, நீங்கள் கேட்பது புதிதல்ல. ஆனால் தினசரி வழிபாடு விட முடியாத பழக்கமான பிறகு குருவைத் தேடுங்கள். பணத்தைப் பற்றி முதலில் பேசுகிறவரிடம் போகாதீர்கள்.

வீட்டாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் கும்பிடும் தெய்வத்தைக் குறைத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். பெற்றோர் கூப்பிட்டால் அவர்களுடைய பண்டிகைக்குப் போய் உட்காருங்கள். பெயரை மாற்றுவது, சான்றிதழை மாற்றுவதெல்லாம் அவர்களோடு ஆற அமரப் பேசிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.