கர்நாடக இசை மட்டும் கேட்டு வளர்ந்தவர், மேற்கத்திய நவீன ஃப்ளூட் கான்செர்ட்டோவை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

டென்மார்க்கின் இசையமைப்பாளர் கார்ல் நீல்சனிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய ஃப்ளூட் கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) 1926 அக்டோபரில் பாரிஸில் அரங்கேறியது. நம் மாலி, அதாவது புல்லாங்குழல் டி. ஆர். மகாலிங்கம், பிறந்தது அதற்கு அடுத்த மாதம். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. குழல் பைத்தியங்களுக்கு இப்படிப்பட்ட தகவல்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

சேலத்தில் என்னோடு குழல் வாசிக்கும் நண்பர்கள் நீல்சனின் கான்செர்ட்டோவைக் கேட்டதும் சொல்லும் முதல் குறை, "ஸ்ருதி ஓரிடத்தில் நிற்கவில்லையே" என்பதுதான். நியாயமான குறை. தம்புராவோடு பழகிய காது ஆதார ஷட்ஜத்தை, அதாவது எல்லா ஸ்வரங்களுக்கும் அடிப்படையான 'ஸ'வை, தேடும். நீல்சன் வேண்டுமென்றே அதைக் கொடுக்க மறுக்கிறார். கிரக பேதத்தில் வித்வான் ஆதாரத்தை மாற்றிக் காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். இங்கே திரும்புவதற்குப் பழைய இடமே கிடையாது. ஸ்ருதி விட்டு ஸ்ருதி அலைந்து, கடைசியில் ஈ மேஜர் என்ற ஸ்ருதியில் போய் அமர்கிறது. அந்த அலைச்சலைத்தான் ரசிக்க வேண்டும்.

அடுத்தது பாஸ் ட்ரோம்போன் என்ற கனத்த குரல் கொண்ட பித்தளை ஊதுவாத்தியம். ஆர்கெஸ்ட்ராவில் வேறு ஃப்ளூட் இல்லை, டிரம்பெட்டும் இல்லை; ஆனால் இந்த முரட்டு வாத்தியம் ஒன்று உண்டு. குழல் நளினமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, கல்யாண வீட்டில் உரக்கப் பேசும் பெரியப்பாவைப் போல அது குறுக்கே புகுகிறது. வேடிக்கை என்னவென்றால், முடிவில் சரியான ஸ்ருதிக்கு வழிகாட்டுவதே அதுதான். அப்போது அது வழுக்கி வழுக்கிப் போவதைக் கேட்டால் நம் ஜாரு, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம், நினைவுக்கு வரும். விரலால் துளையை மூடும் மூங்கில் குழலில் ஜாரு இயல்பாக வரும். சாவிகள் பூட்டிய உலோக ஃப்ளூட்டில் அது எளிதல்ல. ட்ரோம்போனுக்கோ நீண்டு சுருங்கும் குழாய் இருக்கிறது. நீல்சனே 14 வயதில் ராணுவ வாத்தியக் குழுவில் ட்ரோம்போன் வாசித்தவர். அந்தக் குறும்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இது பிடித்தால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ழாக் ஈபேரின் ஃப்ளூட் கான்செர்ட்டோவுக்குப் போகலாம். 1934இல் ஃப்ளூட் கலைஞர் மார்செல் மொய்ஸ் அரங்கேற்றியது. அதன் மெதுவான நடுப்பகுதி நம் காதுக்கு உடனே ஒட்டும்.

நீல்சனுடையது சுமார் 20 நிமிடம். வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். ஏற்காடு பஸ்ஸில் இயர்போன் மாட்டிக் கேட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என்ஜின் இரைச்சல் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும். ட்ரோம்போன் மட்டும்தான் மிஞ்சும்.