இன்சுலின் நிறைய இருக்காம், அப்புறம் ஏன் சுகர் ஏறுது?

கேள்வி: எனக்கு 36 வயசு. வீட்லயே மெஷின் வச்சு பிளவுஸ் தைக்கிறேன். எடை 76 கிலோ, உயரம் 156 செ.மீ. நீர்க்கட்டி இருக்கு, பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. வெறும் வயித்துல சுகர் 108, மூணு மாச சராசரி 5.9, இன்சுலின் 24. "இன்சுலின் நிறைய சுரக்குது ஆனா வேலை செய்யல, சின்ன ரத்தக்குழாய்ங்களும் சரியா விரியாது"ன்னு டாக்டர் சொன்னாங்க, கூட்டமா இருந்ததால மேற்கொண்டு கேக்க முடியல. நாத்தனார் தைராய்டுதான்னு அடிச்சு சொல்றாங்க, அந்த டெஸ்ட் 2.8. கழுத்து கருத்துப்போச்சு, எலுமிச்சம்பழம் போட்டு தேய்ச்சும் போகல. நானும் இன்சுலின் ஊசி போட்டுக்கணுமா?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: முதல்ல அந்த எலுமிச்சம்பழத்தை கீழ வைங்கம்மா. அது அழுக்கு இல்ல. ரத்தத்துல இன்சுலின் வருஷக்கணக்கா அதிகமாவே ஓடினா கழுத்து, அக்குள் பக்கம் தோல் தடிச்சு வெல்வெட் மாதிரி கருத்துடும், தேய்க்கத் தேய்க்க புண்ணாகுமே தவிர போகாது. எங்க அம்மாவும் இப்படித்தான் செயின் பட்டு கருத்துச்சுன்னு நினைச்சு பல வருஷம் கல்லு வச்சு தேய்ச்சுட்டு இருந்தாங்க, யாரும் அவங்களுக்கு சொல்லல, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு வலிக்கும். இன்சுலின் இறங்க இறங்க அது தானா மங்கும்.

தைராய்டு இல்ல. 2.8 நார்மல், நாத்தனாருக்கு ரிப்போர்ட்டை காட்டிடுங்க. ஊசியும் இப்ப வேணாம், உங்க உடம்புல இன்சுலினுக்கு பஞ்சமே இல்லையே, கணையம் ராப்பகலா சுரந்து தள்ளிட்டு இருக்கு. 108ஐயும் 24ஐயும் பெருக்கி 405ஆல வகுத்தா 6.4 வருது, 2.5 தாண்டினாலே இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்னு, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அது பேச்சை சரியா கேக்கலன்னு, பல டாக்டர்ங்க எடுத்துக்குவாங்க.

இப்ப அந்த சின்ன ரத்தக்குழாய் விஷயம். நீங்க மன்னார்குடிக்காரங்க, அதனால உங்களுக்கு இது டக்குனு புரியும். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை வந்து, வெண்ணாறு வந்து, பாமணியாத்துல ஓடுது, ஆறு நிறைய தண்ணி, ஆனா வாய்க்கால் மடையை யாரும் திறக்கலன்னா கடைமடை வயல்ல நாத்து காயத்தானே செய்யும்? சர்க்கரை அந்த தண்ணி, தசைதான் வயல். சாப்பிட்டதும் இன்சுலின் தூண்டி உடம்பு உள்ள இழுத்துக்கிற சர்க்கரையில பெரும்பங்கு போறது தசைக்குத்தான். தசைக்குள்ள முடியை விட மெல்லிசா ரத்தக்குழாய்ங்க லட்சக்கணக்குல பின்னிக் கிடக்கு, சும்மா உக்காந்திருக்கும்போது அதுல கொஞ்சத்துலதான் ரத்தம் நல்லா ஓடும். சாப்பிட்டதும் இன்சுலின் வந்து முதல்ல செய்யற வேலைகள்ல ஒண்ணு இந்த மடைங்களை திறக்கறதுதான். குழாயோட உள்சுவரை தட்டி நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவை சுரக்க வைக்கும், குழாய் தளர்ந்து விரியும், ரத்தம் தசைக்குள்ள பரவும், அதுக்கப்புறம்தான் இன்சுலின் செல்லோட கதவையே தட்ட முடியும். நாம எல்லாரும் அந்த கடைசி கதவை மட்டும்தான் பேசறோம், மடையை யாரும் பேசறதில்ல.

வயித்துல கொழுப்பு சேர்ந்தா இந்த மடைதான் சீக்கிரமே மக்கர் பண்ணும். கொழுப்பு சும்மா மூட்டை மாதிரி கிடக்கறது இல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கற உறுப்புதான்னு 1994ல லெப்டினை கண்டுபிடிச்சப்புறம் நல்லா உறுதியாச்சு. "போதும், வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னு மூளைக்கு சொல்றது லெப்டின், உடல் பருமன்ல அது எக்கச்சக்கமா இருக்கும் ஆனா மூளை காதுல வாங்காது. குழாய்க்கு நல்லது பண்ற அடிபோனெக்டின்னு இன்னொண்ணு, அதுவும் கொழுப்புலேருந்து வர்றதுதான், ஆனா கொழுப்பு கூடக்கூட அது குறையும். கூடவே ரத்தத்துல கொழுப்பு அமிலங்களும், வீக்கத்தை உண்டாக்கற பொருட்களும் ஏறி, உள்சுவர்ல நைட்ரிக் ஆக்சைடு வர்ற வழியை அடைக்கும். இதுல கொடுமை என்னன்னா இன்சுலினுக்கு குழாயை விரிக்கிற கை ஒண்ணு, சுருக்குற கை ஒண்ணு, ரெண்டு கை இருக்கு. கெட்டுப்போறது விரிக்கிற கை மட்டும்தான். அப்ப கணையம் பதறிப்போய் இன்னும் இன்னும் இன்சுலினை அனுப்பினா சுருக்குற கைக்குத்தான் பலம். பிபி ஏறறதுக்கு இதுவும் ஒரு காரணம். அந்த அதிக இன்சுலின் சினைப்பையை தூண்டி ஆண் ஹார்மோனையும் ஏத்திவிடும், உங்க பீரியட்ஸ் தள்ளிப்போறதுக்கும் இதுக்கும் நேரடி தொடர்பு இருக்கு. சுகர், கழுத்து, நீர்க்கட்டி எல்லாம் தனித்தனி வியாதி இல்லம்மா.

நம்ம ஆளுங்களுக்கு இது சீக்கிரமே வரும். பூனாவுல டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின், ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, ஒரே 22.3தான், ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ரெண்டு பேர் போட்டோவோட 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 25லயே உடல் பருமன்னு கணக்கு, உங்களுக்கு 31 வருது. பயமுறுத்த சொல்லல, இதுல பிறவியிலேயே வந்த பங்கும் இருக்கு, எல்லாமே உங்க வாய் மேல பழி போட வேணாம்னுதான் சொல்றேன்.

சரி என்ன பண்ணலாம்? இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே. மடையை திறக்க இன்சுலினை விட்டா இன்னொரு ஆள் இருக்கு, அது தசையோட சொந்த வேலை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் சொல்லாமலேயே குழாய்ங்க திறக்கும், சர்க்கரையையும் தானே இழுத்துக்கும், இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் உள்ளவங்களுக்கும் இந்த வழி வேலை செய்யுது. அதனால சாப்பிட்டு கை கழுவின கையோட 15 நிமிஷம் நடங்க, மூணு வேளையும், தெருவுல முடியலன்னா மாடியில. மெஷின்ல உக்காந்தா மூணு மணி நேரம் எழுந்திரிக்க மாட்டீங்கன்னு எனக்கு தெரியும், தீபாவளி சமயத்துல கேக்கவே வேணாம், ஆனா அசையாம உக்காந்தா கால் குழாய்ங்களோட விரியற சக்தி சில மணி நேரத்துலயே மங்குது. ஒரு பிளவுஸுக்கு கை வச்சு முடிச்சதும் எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க, நாற்காலியிலேருந்து கை ஊணாம பத்து தடவை எழுந்து உக்காருங்க, தொடைதான் உடம்புலயே பெரிய வயல். சோத்துக்கு முன்னாடி காயும் முட்டையோ சுண்டலோ போகட்டும், சோறு பாதியா குறையட்டும், டீல சீனி வேணாம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆர்டர் தைக்கறதை நிறுத்துங்க, தூக்கம் கெட்டாலே இன்சுலின் வேலை கெடும்.

5 கிலோ குறைஞ்சாலே உங்களுக்கு பெரிய மாற்றம் தெரியும், பீரியட்ஸ் கூட ஒழுங்காகலாம். அமெரிக்காவுல 2002ல வெளிவந்த ஆய்வுல 7 சதவீத எடை குறைப்பும் வாரம் 150 நிமிஷ நடையும் சர்க்கரை வியாதி வர்றதை 58 சதவீதம் குறைச்சுது. நம்ம சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட ஆய்வுல, எடை பெருசா குறையாமலேயே வியாதி வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது. முள்ளு நகரலன்னு ஒரு வாரத்துல விட்றாதீங்க, எடை மெஷின்ல தெரியறதுக்கு முன்னாடியே குழாய்ல மாற்றம் ஆரம்பிச்சிருக்கும்.

டாக்டர் மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை எழுதினா தாராளமா போடுங்க, நீங்களா ஆரம்பிக்கவும் வேணாம் நிறுத்தவும் வேணாம். குழந்தைக்கு பிளான் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. பிபியையும் ஒரு தடவை பார்த்துக்குங்க, லெட்டர்ல அது இல்ல.

அப்புறம், கழுத்துல இன்ச் டேப் எப்பவும் தொங்கிட்டுதானே இருக்கும், அதை வச்சு நாளைக்கு காலையில வெறும் வயித்துல கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை இழுக்காம அளந்து, கஸ்டமர் அளவு எழுதற நோட்டுலயே கடைசி பக்கத்துல தேதி போட்டு எழுதுங்க. பொம்பளைங்களுக்கு 80 செ.மீ தான் எல்லை. மூணு மாசம் கழிச்சு அதே மாதிரி அளந்து, சராசரி சுகரும் திரும்ப பார்த்துட்டு எனக்கு மறக்காம எழுதுங்கம்மா.