எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு 24 மணி நேர உணவுக் கணக்கெடுப்பை, அதாவது நோயாளி முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டதையெல்லாம் கேட்டுக் கணக்கிடுவதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கரும்பலகையில் கலோரி அட்டவணை எழுதிப் போட்டால் தேர்வோடு மறந்துவிடுவார்கள். எடைத் தராசு, 200 மி.லி. டம்ளர், குழிக்கரண்டி, தேக்கரண்டி, இவற்றோடு தொடங்குங்கள்.

முதலில் ஒரு கரண்டிச் சோற்றை எடை போடச் சொல்லுங்கள். அடிக்கடி நடக்கும் பெரிய தவறு இங்கேதான்: 300 கிராம் சோற்றை 300 கிராம் அரிசி என்று எழுதி, சுமார் 1050 கலோரி கணக்குக் காட்டுவார்கள். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறாகும். உண்மையில் 350 கலோரிதான். பொங்கலுக்கும் கஞ்சிக்கும் தண்ணீர் அளவு வேறு, ஆகவே விகிதமும் மாறும்.

எண்ணெயை நோயாளியிடம் நேரடியாகக் கேட்டால் "கொஞ்சந்தான்" என்பார். மாதம் எத்தனை லிட்டர், எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். நாலு பேருக்கு 2 லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 17 மி.லி., அதாவது 15 கிராம், 135 கலோரிக்கு மேல்.

"காலையில் இட்லி சாப்பிட்டீர்களா?" என்பது விடையை ஊட்டும் கேள்வி. "எழுந்ததும் முதலில் என்ன வாயில் போட்டீர்கள்?" என்று கேட்டால் டீயும் சர்க்கரையும் பிஸ்கட்டும் தானாக வெளிவரும். விரதம், கல்யாண விருந்து நடந்த மறுநாள் எடுத்த கணக்கு வழக்கமான உணவைக் காட்டாது. வேறொரு நாளில் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.