மாத்திரைப் பேச்சு: பழைய மருந்துக்கு இன்னும் ஏன் மவுசு?

பாலக்கோடு வாசகி (பெயர் வேண்டாம் என்கிறார்): என் வீட்டுக்காரருக்குக் காசநோய். அரசு ஆஸ்பத்திரியில் தரும் கூட்டு மாத்திரையில் ஐசோனியாசிட் இருக்கிறது. 1952-இல் வந்ததாமே, இவ்வளவு பழசு வேலை செய்யுமா? கிருமியைக் கொல்வது நம்மை ஏன் விட்டுவிடுகிறது?

பதில்: தர்மபுரியில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்தபோதே அது பழைய மாத்திரைதான், அம்மா. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், இதையும் பாஸ் என்ற மருந்தையும் வீட்டிலிருந்தே சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வேடிக்கை என்னவென்றால், கிருமியில் அது எதைத் தாக்குகிறது என்பது பிடிபட்டதே 1994-இல்தான்!

காசநோய்க் கிருமியின் வெளிச்சுவரில் மைகாலிக் அமிலம் என்ற மெழுகு உண்டு. ரொம்ப நீளமான கொழுப்பு அமிலம். பல மருந்துகளை உள்ளே விடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்றின் பெயர் இன்ஹெச்ஏ. ஐசோனியாசிட் தாக்குவது இதைத்தான்.

நம் உடம்பும் கொழுப்பு அமிலம் செய்கிறதே என்பீர்கள். செய்கிறது, வேறு விதமாக. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் ஒரு பக்கம் பழம் போய் மறுபக்கம் டின் வருவதுபோல, நமக்கு ஒரே பெரிய புரதம் எல்லா வேலையையும் முடித்துவிடும். பாக்டீரியாக்களில் பெரும்பாலும் வேலைக்கு ஒரு தனி நொதி. காசநோய்க் கிருமியிடம் இரண்டு ஏற்பாடும் உண்டு. மெழுகுக்கான சங்கிலியை நீட்டுவது தனி நொதிகள்தான்.

1995-இல் எக்ஸ்-கதிர் மூலம் இன்ஹெச்ஏயின் வடிவத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு குழி. என்ஏடிஹெச் என்ற துணைப்பொருள் அங்கே வந்து உட்கார வேண்டும். ஐசோனியாசிட் தானாகப் போய் அதை அடைக்காது. கிருமியின் இன்னொரு நொதியான கேட்ஜி மாத்திரையை உடைக்கிறது; உடைந்த துண்டு அந்தத் துணைப்பொருளின் இன்னொரு வடிவமான என்ஏடியோடு ஒட்டிக்கொண்டு குழியை அடைக்கிறது. இது தெளிவானது 1998-இல். ஆக, தன்னைக் கொல்லும் ஆயுதத்தைக் கிருமியே தீட்டிக்கொடுக்கிறது. கேட்ஜி நம்மிடம் இல்லை.

அதே கேட்ஜி மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், மாத்திரை வெறும் மாத்திரை. இன்ஹெச்ஏயை அளவுக்கு மேல் செய்து தப்பிக்கும் கிருமிகளும் உண்டு. நான்கு மருந்தைச் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் மாத்திரையை ஓரங்கட்டும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் வீட்டுக்காரரைக் கவனியுங்கள். கை கால் மரத்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வைட்டமின் பி6 தருவார்.

ஓசூர் வாசகர்: கிருமிநாசினி சோப்பில் வரும் டிரைக்ளோசானும் இதே வகையா?

பதில்: பங்காளி முறைதான். பல பாக்டீரியாக்களில் இன்ஹெச்ஏயின் வேலையைச் செய்வது ஃபேப்ஐ. டிரைக்ளோசான் அதைப் பிடிக்கிறது. ஆனால் நிமோனியா தரும் நியுமோகாக்கஸ் அதே வேலைக்கு ஃபேப்கே என்ற வேறு நொதியை வைத்திருக்கிறது, அதனிடம் டிரைக்ளோசான் பலிக்காது. வீட்டு உபயோக சோப்புகளில் டிரைக்ளோசான் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் சொல்லிவிட்டது. சாதா சோப்பே வாங்குங்கள், விலையும் குறைவு.