சேற்றுத் தண்ணீரில் கிடந்தும் சீழ் பிடிக்காத தவளை

கேள்வி: காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். எனக்குக் காலில் ஒரு முள் குத்தினாலே சீழ் வைத்துவிடுகிறது. பாசி பிடித்த தொட்டியிலேயே கிடக்கிற தவளைக்குக் காயம் பட்டால் மட்டும் அழுகாமல் ஆறுகிறதே, எப்படி?
- வாசகி, ஏற்காடு

பதில்: அருமையான கேள்வி. மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற அமெரிக்க மருத்துவரையும் இதே கேள்விதான் பிடித்துக்கொண்டது. ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்து, தையல் போட்டு, மறுபடி அழுக்குத் தொட்டியில் விட்டால் காயம் பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. தோலை ஆராய்ந்து, அதில் சுரக்கும் ஒரு குட்டிப் புரதத்தை 1987-இல் அறிவித்தார். பெயர் மகாயினின்; கேடயம் என்ற பொருளுள்ள ஹீப்ரு சொல்லிலிருந்து வந்தது. இந்த மாதிரிக் குட்டிப் புரதங்களைத்தான் பெப்டைடு என்கிறோம். மற்ற பல தவளைகளும் தங்களுக்கென்று வேறு வேறு பெப்டைடுகள் வைத்திருக்கின்றன.

இது கொல்லும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசைக் கையில் எடுத்தால் தொளதொளவென்று தொங்கும் இல்லையா, 23 அமினோ அமிலம் கோத்த மகாயினினும் தண்ணீரில் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவின் வெளிப்பரப்பில் எதிர்மின் அதிகம், பெப்டைடிலோ நேர்மின், அதனால் இழுத்துக்கொண்டு போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் சுருள்கிறது. சுருளின் ஒரு பக்கம் மின்னேற்றம், மறுபக்கம் எண்ணெய்ப் பசை. பாக்டீரியாவைப் போர்த்தியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால் எண்ணெய்ப் பக்கம் அதற்குள் அமுங்கிவிடும். ஒன்றிரண்டு ஒட்டினால் ஒன்றும் ஆகாது. கூட்டம் சேரச் சேர சவ்வு தாங்காமல் வளைந்து ஓட்டை விழுகிறது, உள்ளே சேர்த்து வைத்த உப்புச் சத்தெல்லாம் வெளியே கசிகிறது, சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். தவளையின் செல்லுக்கும் நம் செல்லுக்கும் வெளிப்பக்கம் பெரும்பாலும் மின் நடுநிலையானது, கொலஸ்ட்ரால் வேறு சவ்வை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் நமக்குப் பெரிதாக ஆபத்தில்லை.

அதற்காகத் தவளையைப் பிடித்துக் காயத்தில் தேய்த்துவிடாதீர்கள், அதன் தோலில் நஞ்சும் இருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மனிதர்களுக்கு இது கிடையாதா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: உண்டு. வியர்வையில், குடலில், வெள்ளை அணுக்களில் எல்லாம் இருக்கிறது. தோலில் இவை போதாமல் போனால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமாக்காரர்களுக்கு அடிக்கடி கிருமித் தொற்று வர இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியானால் மருந்தாக ஏன் கடையில் வரவில்லை?
- அதே வாசகர்

பதில்: முயன்றார்கள். மகாயினினை மாற்றியமைத்து சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு ஒரு களிம்பு செய்தார்கள், இருக்கிற மருந்தைவிட மேலானது என்று காட்ட முடியாததால் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி மறுக்கப்பட்டது. மாத்திரையாக விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அளவு மிஞ்சினால் ரத்தச் சிவப்பணுவும் உடையும்.

ஆனால் இந்த மாதிரிப் பெப்டைடு ஒன்று ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா செய்யும் கொலிஸ்டின், எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளுக்குக் கடைசி ஆயுதம். இதுவும் மின்னேற்றத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அதையும் சில பாக்டீரியாக்கள் தங்கள் வெளிப்பரப்பின் எதிர்மின்னைக் குறைத்துக்கொண்டு ஏமாற்றுகின்றன, அந்த வித்தைக்கான மரபணுவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தவும் செய்கின்றன என்று 2015-இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பண்ணை விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தாராளமாகக் கொடுத்தது இதற்கு முக்கியக் காரணம். இந்தியாவில் 2019-லேயே கால்நடை, கோழி வளர்ப்பில் கொலிஸ்டினுக்குத் தடை போட்டாயிற்று. பக்கத்திலேயே நாமக்கல்லை வைத்திருக்கிற நாம், கோழி வளர்க்கிற உறவுக்காரர்களிடம் இதை அவசியம் சொல்லிவைக்க வேண்டும்.