மாமியார் சொன்னது சரியா?

கேள்வி: அகத்தியர்கூடம் மலைக்குப் பெண்கள் போகக்கூடாது என்கிறார் என் மாமியார். உண்மையா? (தென்காசி வாசகி)

பதில்: 2018 வரை அவர் சொன்னது சரிதான். அந்த ஆண்டு கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காக மலையேற்ற அனுமதியை மறுக்கக்கூடாது என்று சொல்லிவிட, 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் 1,868 மீட்டர் உச்சிவரை ஏறிவிட்டு வந்தார். அகத்தியர் பிரம்மச்சாரி, அங்கே பெண்கள் வரலாமா என்று அந்த மலைப்பகுதிப் பழங்குடிகளான காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். (நம் புராணத்தில் லோபாமுத்திரை அவர் மனைவி. அது வேறு கதை.) சரி, திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டில் நடக்கத் தொடங்கி, இரவு அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முன் ஒரு மாதமாவது தினமும் நடந்து பழகுங்கள். முன்பதிவு கேரள வனத்துறையிடம். மூட்டுவலி இல்லையென்றால் மாமியாரையும் கூட்டிப்போங்களேன்.