டூவூம்பா மலைகளில் ஓடும்போது செம்மண் ஏன் ஷூவில் இப்படி அப்பிக்கொள்கிறது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் டூவூம்பா, 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் அமர்ந்த ஊர். அந்தப் பசால்ட் பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கிறது. களிமண்ணும் நிறையச் சேர்கிறது. ஒட்டுவது அந்தக் களிதான். மழை பெய்தால் ஷூவின் அடிப்பள்ளங்களை அடைத்துவிடும், பிறகு எந்த ஷூவும் வழுக்கும்.

பற்கள் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்கிற ஷூ வாங்குங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நடங்கள், அதில் வெட்கமே வேண்டாம். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்: காலடிகளைச் சிறிதாக வையுங்கள், யூகலிப்டஸ் சருகுக்கு அடியில் உருளும் கல் இருக்கிறது என்றே எண்ணி இறங்குங்கள். டூவூம்பாவுக்குப் பக்கத்திலுள்ள டேபிள் டாப் மலையின் பாறைச் சரிவுக்கு மட்டும் மழை நாளில் தயவுசெய்து போகாதீர்கள்.